ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

கர்ப்பமாக இருக்கும்போது தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு "டாக்டர் சொல்கிறபடி செய்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு தூக்கம் பிடிக்கவில்லை.

நீ பிறப்பதற்கு முன்பு, அடுத்த வீட்டில் ஐந்து வாரக் குழந்தைக்குக் கக்குவான் இருமல் கண்டது. பெரிய பிள்ளைகளுக்கு வருகிற அந்தக் கூவல் சத்தம் அதற்கு வரவே இல்லை. இரண்டு இருமல் இருமும், மூச்சு நின்றுவிடும், உதடு நீலம் பாரிக்கும். அதன் அம்மா உள்ளங்காலைச் சுண்டுவாள். அது சிணுங்கினால்தான் எங்களுக்கு மூச்சு வரும். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரவுகளை நான் மறக்கவில்லை.

அந்த வயதில் குழந்தைக்கே கக்குவான் ஊசி போட முடியாது. முதல் தவணைக்கு ஆறு வாரமாவது ஆக வேண்டும். அதுவரை நீ கொடுத்தனுப்பும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குத் துணை. ஊசி போட்டபின் உன் உடம்பு அதை உண்டாக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், பிறகு நஞ்சுக்கொடி வழியாக உள்ளே போகும். அமெரிக்கா போன்ற சில நாடுகளில் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்வது அதனால்தான்.

உன் மாமியார் பயப்படுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைட் மாத்திரையால் 1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. அதற்குப் பிறகு கர்ப்பிணிகளை மருந்துச் சோதனைகளில் சேர்க்கவே தயங்கினார்கள். அதனால் புதிதாக வரும் எதைப் பற்றியும் முதலில் தகவல் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கக்குவான் ஊசியும் ஃப்ளூ ஊசியும் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டவை. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு அசதியாக இருக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதே, டாக்டரிடம் சொல்.

எல்லா ஊசியும் ஒன்றல்ல. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து வைத்திருப்பார்கள். அவற்றை இப்போது போட மாட்டார்கள், பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ஒன்றும் போடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது" என்கிறார்களாம். அந்தக் குழந்தையின் அம்மாவும் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் போட்டுக்கொள்வேன்.

சின்ன வயதில் ஏதோ ஓர் ஊசிக்கு உனக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. எந்த ஊசி என்று உன் பழைய தடுப்பூசி அட்டையில் எழுதியிருப்பார்கள். அப்பா அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறார். கிடைத்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன், டாக்டரிடம் முதலில் அதைக் காட்டு.

அன்புடன்,
அம்மா