ரிஜெக்ட் நீரை நிறத்தை வைத்து எடை போடாதீர்கள்

திருப்பூர் சாயக்கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, சொட்டுக் கழிவும் வெளியே போகாத நிலையை எட்ட நீங்கள் பட்ட பாடும் செய்த செலவும் ஊரறிந்தவை. நான் எழுத வந்தது, ஆர்.ஓ. சவ்வைத் தாண்ட முடியாமல் பின்தங்கும் ரிஜெக்ட் நீரைப் பற்றி. உப்போடு சாயத்தின் மிச்சமும் அதில்தான் செறிந்து நிற்கிறது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு யாருக்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகத் தேங்குவதில் கார்பன் அடங்கிய இந்தக் கரிமப் பொருள்களுக்கும் பங்குண்டு.

அவற்றை நீக்க முறைகள் பல உண்டு. ஓசோனைச் செலுத்தினால் கருஞ்சிவப்பு நீர் கண்ணெதிரே வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு வேலை முடிந்ததாகவே தோன்றும். உண்மையில், சாய மூலக்கூறில் நிறத்தைத் தரும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்து நிறம்தான் போயிருக்கிறது. துண்டுகளான கார்பனில் பெரும்பகுதி நீரிலேயே இருக்கிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் கரிமங்களைச் சிதைக்கும் ஃபென்டன் முறைக்கு நீரை பி.எச். 3 அளவுக்கு அமிலமாக்க வேண்டும், பிறகு இரும்புச் சேறு குவியும். குளோரைடு மிகுந்த நீரில், கரிமங்களைச் சிதைக்க வேண்டிய, வீரியமிக்க ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்னும் துகள்களில் ஒரு பங்கை உப்பே விழுங்கிவிடும். நீரில் மின்சாரம் செலுத்திக் கரிமங்களைச் சிதைக்கும் மின்வேதி முறைக்கு அதே உப்பு சாதகம், மின்சாரம் எளிதாகப் பாயும். எனக்கு அச்சம் தருவதும் அதுவே: மின்முனையில் பிறக்கும் குளோரின், கரிமப் பொருளோடு சேர்ந்து பழையதைவிட நச்சான சேர்மங்களை உண்டாக்கக்கூடும். சாயத்தை உறிஞ்சப் பயன்படும் கரியோ எதையும் அழிப்பதில்லை, பிடித்து மட்டுமே வைக்கிறது.

ஆகவே டெண்டர் விடும் முன், உங்கள் ரிஜெக்ட் நீரிலேயே எல்லா முறைகளையும் ஒரே அளவுகோலில் சோதியுங்கள். கறுப்புச் சாயம் அதிகம் ஓடும் நாளின் நீரும் வெளிர்நிறம் ஓடும் நாளின் நீரும் ஒன்றல்ல. இரண்டிலும் மாதிரி எடுங்கள். கழிவை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவையான ஆக்சிஜனைக் காட்டும் சி.ஓ.டி. அளவு மட்டும் போதாது. குளோரைடும், மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அந்த எண்ணை ஏற்றிக் காட்டும். மொத்தக் கரிமக் கார்பனையும் குளோரின் சேர்ந்த கரிமங்களையும் அளந்து, ஒரு கிலோ கார்பனை நீக்க ஆகும் மின்சாரத்தையும் சேரும் சேற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

என் சாய்வு, ஓசோனுக்குப் பின் உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்களை விடுவதில்தான். துண்டான மூலக்கூறுகளில் பலவற்றை அவை தின்றுவிடும். சோதனை வேறு சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள். மாதிரி எடுக்கும்போது ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி விவசாயி ஒருவரும் உடனிருக்க அனுமதியுங்கள். சாயக்கழிவு தேங்கிய அந்த அணையால் நிலமும் கிணறும் கெட்டுப்போனவர்கள் அவர்கள்.

இப்படிக்கு,
நொய்யல் கரையைச் சேர்ந்த வேதியியல் ஆசிரியர்