மருந்து இறங்கும் நேரம்

அன்புள்ள மகனுக்கு,

"நான் சின்ன வயதில் மாத்திரை சாப்பிட்டபோது எப்படி இருந்தேன்மா?" என்று போனில் கேட்டாய். உன் மகள் பாப்பாவுக்கும் இப்போது உன்னைப் போலவே ஏடிஎச்டி-க்கு, அதாவது கவனம் நிற்காத துறுதுறுப்புக்கு, மெத்தில்பெனிடேட் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் நீ வேறு ஏதாவது கேட்பாய், பேச்சு எங்கேயோ போய்விடும். அந்தப் பழக்கம் எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சாயங்கால அழுகை. பாப்பா பள்ளியில் நன்றாக இருக்கிறாள், வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் கத்துகிறாள், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறாள் என்று சொல்லும்போது உன் குரலே மாறிவிட்டது. நீயும் அப்படித்தான் இருந்தாய். அது பெரும்பாலும் மருந்து வேலை செய்வதால் வருவதில்லை, மருந்து இறங்குவதால், அதாவது அதன் பலன் தீர்வதால், வருவது. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் இரண்டும் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் மெத்தில்பெனிடேட் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடி விடுபடும்போது சில பிள்ளைகளுக்குப் பழைய துறுதுறுப்பு முன்பைவிடக் கூடுதலாகவே வந்து நிற்கும், அப்புறம் தானாக அடங்கும். உன் காலத்தில் 3, 4 மணி நேரம் தாங்கும் மாத்திரைதான். காலையில் ஒன்று, மதியம் பள்ளியில் ஒன்று. அதனால் உனக்கு ஒரே நாளில் இரண்டு தடவை இறங்கும். பாப்பாவுக்குக் கொடுத்திருப்பது நீண்ட நேர வகை. அது வகையைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம் வரை போகும்.

எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு அழுகை என்று ஒரு நோட்டில் குறித்து வை. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், சாயங்காலமாக வந்தால் அது மருந்து இறங்குவதுதான். மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே எரிச்சலும் அழுகையும் வந்தால் அது வேறு கதை. டோஸ் அதிகமாக இருக்கலாம், இந்த மருந்தே அவளுக்கு ஒத்துவராமலும் இருக்கலாம். "சாயங்காலம் ரொம்ப அழுகிறாள் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகிக்கத்தான் வேண்டும். நேரத்தோடு சொன்னால் அவர் வகையை மாற்றலாம், டோஸைக் குறைக்கலாம், இறங்கும் நேரத்துக்கு முன் சின்ன டோஸ் ஒன்று சேர்க்கலாம். நீயாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தை எடுக்காதே. உன்னை அந்த ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். உன் அப்பாவுக்கு அது செல்லமாகப் பட்டது. பட்டுவிட்டுப் போகட்டும். நீ தரையில் படுத்துக்கொண்டு சுவரை உதைப்பாய், சுவர் அழுக்காகும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் உன் மனைவி அழுததாகச் சொன்னாய். மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வருவதைப் பார்க்கிற எந்த அம்மாவும் அழத்தான் செய்வாள். அவளிடம் இதைச் சொல். பாப்பா அடம்பிடிக்கவில்லை, அந்த நேரத்தில் அவளுக்குப் பசியே இல்லை. இல்லாத பசிக்கு ஊட்டப் போனால் சாப்பாட்டோடு சண்டைதான் வளரும். மாத்திரைக்கு முன்பு காலையில் வயிறு நிறையக் கொடுங்கள். மருந்து இறங்கிய பிறகு இரவு பசி வரும், அப்போது நேரம் பார்க்காதீர்கள். நீ படுக்கப் போகிற நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்று, "பசிக்குது, ஆனா என்ன வேணும்னு தெரியல" என்பாய். மதியம் விட்டதை அப்போதுதான் பிடித்தோம்.

எடையையும் உயரத்தையும் டாக்டர் எழுதி வைக்கிறாரா என்று பார்த்துக்கொள். பிரிட்டனில் நைஸ் (NICE) என்ற அமைப்பு டாக்டர்களுக்குத் தரும் வழிகாட்டுதல், 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை எடையும், 6 மாதத்துக்கு ஒரு முறை உயரமும் பார்க்கச் சொல்கிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் 6 மாதத்துக்கு ஒரு முறை, அது போக ஒவ்வொரு தடவை டோஸ் மாற்றும்போதும். வருடக்கணக்கில் மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு வளர்த்தி கொஞ்சம் மெதுவாகலாம், சராசரியாக ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம் என்கிறார்கள். நீ என்னைவிட உயரம்தான், ஆனால் உன் அப்பாவை எட்டவில்லை. அது மருந்தா பரம்பரையா என்று யாருக்குத் தெரியும்? வளர்ச்சி அட்டையில் கோடு ஓடாமல் நின்றுவிட்டால் மட்டும் சும்மா இருக்காதே. மருந்துக்கு இடைவெளி விடலாமா என்று டாக்டரே யோசிப்பார்.

தூக்கம் பற்றி ஒன்றே ஒன்று. மாத்திரைக்கு முன்பு அவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று யோசித்துப் பார். நீ மருந்து தொடங்குவதற்கு முன்பும் நடுராத்திரி வரை உருண்டுகொண்டுதான் இருந்தாய். எல்லாவற்றையும் மாத்திரையின் தலையில் கட்டினால் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்போம், தூக்கம் வராது.

அப்புறம் அந்த முழு மாத்திரை சமாச்சாரம். உள்ளே போன மாத்திரை அப்படியே வெளியே வந்துவிட்டது என்று மருமகள் பதறியதை நீ சொன்னபோது நான் சிரித்தது தப்புதான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நீண்ட நேர வகைகளில் ஒன்றின் ஓடு கரையவே கரையாது. அதில் இருக்கும் சின்னத் துளை வழியாக மருந்து மெல்லக் கசிந்து போய்விடும், காலி ஓடு மலத்தோடு வரும். அதனால்தான் அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்புக்குள் போய்விடும்.

இனி நான் உன்னிடம் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். நீ பயந்து சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. எடையை நிறுத்துப் பார்க்கலாம், அழுகை அடுத்த வீட்டுக்கே கேட்கும். எனக்குக் கவலை தந்தது யாரும் குறை சொல்லாத ஒரு பக்கவிளைவு. உனக்கு டோஸைக் கூட்டிய பிறகு நீ ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாய். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாய். பள்ளியில் எல்லோருக்கும் சந்தோஷம், "இப்போதுதான் சரியான டோஸ்" என்று ஒருவர் எனக்குக் கைகூடக் கொடுத்தார். வீட்டில் நீ பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாய், அதற்கு மேல் ஒன்றுமில்லை. சினிமா வசனத்தை மாற்றி மாற்றிச் சொல்லி எங்கள் உயிரை எடுக்கிறவன், ஒரு வாரமாக ஒன்றுகூடச் சொல்லவில்லை. என்னடா என்று கேட்டேன். "எனக்கு ஜோக்கே தோணலம்மா" என்றாய். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னாய்.

அந்த வார்த்தையை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே டோஸைக் குறைத்தார். பிள்ளை மந்தமாக, உணர்ச்சியே இல்லாதவன்போல ஆனால் மருந்து தேவைக்கு மேல் போயிருக்கலாம் என்றார். குறைத்ததும் குறும்பு கொஞ்சம் திரும்பியது, பள்ளியிலிருந்து புகார்களும் திரும்பின. நான் அவற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதனால் பள்ளியில் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் பார்க்காதே. பள்ளிக்கு வேண்டியது வகுப்பு அமைதி, அதில் தவறில்லை. மருந்து அவள் உடம்பில்தான் ஓடுகிறது, அவளைக் கேள். "மாத்திரை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "ம்" என்பாள். "இன்றைக்கு விளையாடப் பிடித்ததா? யாரோடு சிரித்தாய்? படபடவென்று இருந்ததா? வயிறு வலித்ததா?" என்று கேள். அவள் சொல்வதை உன் வார்த்தையில் திருத்தாமல் நோட்டில் எழுது.

மயக்கம், நெஞ்சுவலி, தாறுமாறான படபடப்பு, இல்லாததைப் பார்ப்பது கேட்பது, செத்துப்போகலாம் என்கிற பேச்சு, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே, அன்றைக்கே கூப்பிடு. கண் சிமிட்டல், தோள் வெட்டு மாதிரி புதிதாக ஏதாவது தொடங்கினால் அதையும் சொல். நம் பக்கத்தில் சின்ன வயதில் இதயக் கோளாறில் போனவர்கள் யாரும் இல்லை. மருமகள் வீட்டிலும் விசாரித்து டாக்டருக்குச் சொல்லிவிடு. இந்த மருந்து ஒத்துவராவிட்டால் உலகம் முடிந்துவிடாது. அடமாக்ஸெடின் இருக்கிறது, ஆனால் அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குவான்ஃபசின், குளோனிடின் இருக்கின்றன, அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், டாக்டர் சொன்னபடி மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

இதற்குள் உறவுக்காரர்கள் தொடங்கியிருப்பார்களே, "இந்தக் காலத்து மருந்து, குழந்தையைக் கெடுத்துவிடும்" என்று? எனக்கும் சொன்னார்கள். மெத்தில்பெனிடேட் 1944-இல் உருவானது, பலருடைய கல்யாணத்தைவிடப் பழையது. அதற்கும் முன்னால் 1937-இல் சார்ல்ஸ் பிராட்லி என்ற அமெரிக்க டாக்டர், பிள்ளைகளின் தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்க்க, தலைவலியைவிடப் படிப்பில்தான் மாற்றம் தெரிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் அவர்களிடம் சொல்லி வாதாடு என்று சொல்லவில்லை. நான் வாதாடிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. நீ தெரிந்துவைத்துக்கொள், போதும்.

அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு நோட்டை மறக்காமல் எடுத்துப் போ. நீ மறப்பாய், அதனால் மருமகளிடமும் சொல்லி வை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பாப்பாவிடம் கொடு. மாத்திரையைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அவளிடம் புது ஜோக் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா