கிறிஸ்துமஸ், பொங்கல், கல்யாண நாட்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் விழா, ஜனவரியில் பள்ளியில் பொங்கல், அப்புறம் தை முழுக்கக் கல்யாணங்கள். மார்கழியில் இந்து வீடுகளில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்தவ வீடுகளிலும் வைப்பதில்லை. அதனால் நம் நெல்லைப் பக்கத்தில் முகூர்த்தங்கள் எல்லாம் இந்தச் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. இந்த நாட்களைப் பற்றிச் சில காரியங்களை உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கிறிஸ்துமஸ் விழா. இந்த ஆண்டு கலர் டிரஸ் கிடையாது. எல்லோரும் சீருடையில்தான் வர வேண்டும். பிள்ளைகளுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கலர் டிரஸ் நாளின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், மற்ற நாட்களில் தவறாமல் வருகிற சில பிள்ளைகள் அன்று மட்டும் வந்திருக்க மாட்டார்கள். மறுநாள் கேட்டால், தரையைப் பார்த்துக்கொண்டே "வயிற்றுவலி சார்" என்பார்கள். வீட்டில் இன்னும் புதுத்துணி எடுக்கவில்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தையின் பிறந்தநாளுக்கு, உடுத்த நல்ல துணி இல்லை என்று ஒரு பிள்ளை வீட்டில் ஒளிந்துகொண்டிருந்தால் அந்த விழாவை யாருக்காக நடத்துகிறோம்? சீட்டில் பெயர் எடுத்து இரகசியமாகக் கொடுக்கிற கிறிஸ் மம், கிறிஸ் சைல்ட் பரிசும் 30 ரூபாய்க்குள் இருக்கட்டும். கையால் செய்தது என்றால் இன்னும் சந்தோஷம்.

விழாவில் கிறிஸ்துமஸ் தாத்தா உண்டு. அவர் மிட்டாய் வீசிவிட்டுப் போவதோடு நிற்காமல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புனித நிக்கோலாவின் கதையை நாடகமாக நடிக்கிறார்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். டிசம்பர் 6 அவருடைய நினைவுநாள். மூன்று பெண்களைப் பெற்ற ஓர் ஏழைத் தகப்பன், சீதனம் கொடுக்க வழியில்லாமல் அவர்களை விற்கிற நிலைக்கு வந்துவிட்டானாம். நிக்கோலா இரவோடு இரவாக வந்து, ஆளுக்கொரு பொற்கிழியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டுப் போனார் என்று மரபாகச் சொல்வார்கள். தாத்தாவின் மூட்டையும் இரகசியப் பரிசும் இந்தக் கதையிலிருந்து வளர்ந்தவைதான். பிள்ளைகள் நடிப்பதை நீங்களும் வந்து பார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

ஏனென்றால் அந்தத் தகப்பனை நான் இந்த அறையில் பார்க்கிறேன். டி.சி. கேட்டு வந்து உட்காருவார். என்ன காரணம் என்று கேட்டால், மூத்தவள் கல்யாணக் கடன் என்பார். வரதட்சணையைத் தடுக்க 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நகை, சீர், வண்டி, மண்டபம் என்று வேறு வேறு பெயரில் கேட்கிறோம், கொடுக்கிறோம். கிறிஸ்தவர்களாகிய நாமும் இதில் குறைந்தவர்கள் இல்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கிறோம்; தடை ஏதும் உண்டானால் சொல்லும்படி போதகர் சபையைக் கேட்கிறார். பெண் கழுத்தில் ஏறப்போகிற நகை வட்டிக்கு வாங்கின பணத்தில் வந்தது என்று எழுந்து சொல்ல அங்கே யாருக்கும் துணிச்சல் வராது. அக்காவுக்கு நகை போட்டதால் தம்பிக்குப் படிப்பு நின்றால், தாலியில் சிலுவை பதித்து என்ன பயன்?

கானாவூர் கல்யாணத்தை நாம் எல்லா அழைப்பிதழிலும் அச்சடிக்கிறோம். வேதத்தில் யோவான் 2-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பந்தி நடுவே திராட்சரசம் தீர்ந்துபோகிறது. விருந்து வைத்த வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு வேறென்ன? அதை முதலில் கவனித்தவர் இயேசுவின் தாயார். ஆறு கற்சாடிகள், இன்றைய கணக்கில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர் பிடிக்கும். இயேசு சொன்னபடி அத்தனையிலும் தண்ணீர் நிரப்பினார்கள், அது ரசமாக மாறியது. ஆனால் ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை. பாராட்டு மாப்பிள்ளைக்குப் போனது. தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்கு மட்டும் தெரியும். இயேசு ஒரு வீட்டின் மானத்தைக் காப்பாற்றினார், அதையும் சத்தமில்லாமல் செய்தார். நம் வீட்டுக் கல்யாணத்திலும் அப்படிச் செய்ய இடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார், "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்" என்று பெண்வீட்டார் கடன் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம். இந்த ஒரு சொல்லுக்கு அலங்கார வளைவும் மேளமும் ஈடாகாது.

கிறிஸ்தவப் பள்ளியில் பொங்கல் வைக்கலாமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். தாராளமாக வைக்கலாம். டிசம்பர் 25 என்ற தேதிகூட வேதத்தில் இல்லை, கி.பி. 336 வாக்கில் ரோமில் அந்த நாளைக் கொண்டாடியதாகப் பழைய பதிவு இருக்கிறது. கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மன் நாட்டு வழக்கம். கல்யாண மோதிரம் ரோமர் வழக்கம். எங்கிருந்து வந்தாலும் நல்லதை நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். அறுப்பின் பண்டிகையில் முதல் குலையையும் முதல் படி நெல்லையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகிற நமக்கு, விளைச்சலுக்கு நன்றி சொல்வது புதிது இல்லை. அந்த நாளில் யார் யார் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்று உபாகமம் 16-இல் ஒரு பட்டியலே இருக்கிறது: மகன், மகள், வேலைக்காரர், வேற்றூரிலிருந்து வந்த பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. அதே நேரத்தில், இந்துப் பிள்ளைகளுக்கு அது அவர்கள் வீட்டுப் பண்டிகை. அவர்கள் சூரியனைக் கும்பிடும்போது நாம் முகம் சுளிக்கவும் வேண்டாம், அவர்கள் பண்டிகைக்கு நம் பெயரை வைக்கவும் வேண்டாம். ஒரே பானை, ஒரே பந்தி. சத்துணவுக்கூடத்தில் நாள்தோறும் சமைக்கிற அக்காமார்களும் தூய்மைப் பணியாளர்களும் அன்று முதல் பந்தியில் உட்காருவார்கள். ஆசிரியர்கள் பரிமாறுவோம்.

விடுப்பு பற்றி: சொந்த அண்ணன், அக்கா கல்யாணம் என்றால் மூன்று நாள் வரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு நடப்பதால், தூரத்துச் சொந்தத்துக் கல்யாணங்களுக்கு அவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

பொங்கலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கைப்பிடி பச்சரிசி கொண்டுவந்தால் போதும். கூடுதலாக அரிசியோ வெல்லமோ தர விரும்புகிறவர்கள் காலை எட்டரைக்குள் அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பையில் பெயர் எழுத வேண்டாம். நாங்களும் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்