கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

அன்புள்ள குமார்,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் சுந்தரிடம் திட்டித் தீர்த்துவிட்டாய் என்று கேள்வி. அதனால் மன்னிப்பை இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். வள்ளிக்கு இடமாற்றம் வந்துவிட்டது, விவரம் அவளே எழுதுவாள்.

ஊருக்கு நடுவே இருக்கிற நாலு பாரும் ஒரே மாதிரி என்று இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாயே, ஊர் ஓரத்துக்கு ஒருநாளாவது போய்ப் பார்த்தாயா? ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சுகிற இடம் என்றால் பட்டறையும் கிடங்கும் இருக்கிற பக்கம்தான் தேட வேண்டும். வாடகை குறைவு என்பது பாதிக் காரணம். ஆயிரம் லிட்டர் டாங்க் நிரம்பினால் உள்ளே இருக்கிற பீர் மட்டுமே ஒரு டன். அப்படி ஐந்தாறு டாங்கைத் தாங்கும் தரை வேண்டும், கழுவிய தண்ணீர் ஓடச் சரிவான வடிகால் வேண்டும், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மூட்டை இறக்க லாரி வந்து திரும்ப இடம் வேண்டும். காய்ச்சுகிற நாளில் தெரு முழுக்க மால்ட் வாசனை வேறு. கடைவீதியில் யார் விடுவார்கள்?

போனதும் பீர் பட்டியல் பலகையைப் பார்த்து மயங்காதே. கூட்டமில்லாத இடத்தில் இருபது குழாய் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். திறந்த கெக் (பீர் அடைத்த பீப்பாய்) மெதுவாகத் தீர்ந்தால் பீர் உள்ளேயே மங்கும், அதிலும் பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவின் மணம்தான் முதலில் போகும். ஆறு குழாய் வைத்து வேகமாகத் தீர்க்கிறவனை நம்பு. முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம் இருப்பதிலேயே வெளிறிய லாகரை. பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகை. ஏல் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு டிகிரியில் புளித்து, இரண்டு மூன்று வாரத்தில் கிளாசுக்கு வந்துவிடும். லாகர் பத்து டிகிரியை ஒட்டிப் புளித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். அத்தனை நாளும் ஒரு டாங்க் முடங்கிக் கிடக்கும். தவிர, லாகரில் தவற்றை மறைக்கப் பழமும் கிடையாது, வறுத்த மால்ட்டும் கிடையாது.

பாதிப் பேர் ப்ரூவரியைத் திட்டுவார்கள், குற்றம் குழாயில் இருக்கும். கெக்கிலிருந்து குழாய் வரை போகிற பைப்பில் பீரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படலமாகப் படியும், அதற்கு மேல் சுண்ணாம்பு மாதிரி 'பீர் ஸ்டோன்' ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ இரண்டு சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பதினைந்து நிமிடமாவது உள்ளே சுற்றவிட்டு, பிறகு சுத்தத் தண்ணீரால் அலச வேண்டும். பீர் ஸ்டோனுக்குக் காஸ்டிக் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலம் விட வேண்டும். குழாய் மூக்கைக் கழற்றி பிரஷ் போட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பீர் வெண்ணெய் வாசம் அடித்தாலோ புளிக்காடியாக இருந்தாலோ அழுக்குப் பைப்பைச் சந்தேகி. அதே பீர் கேனில் கிடைத்தால் வாங்கி ஒப்பிட்டுப் பார். கேனிலும் வெண்ணெய் அடித்தால் காய்ச்சியவன் அவசரக்காரன். புளிப்பின் கடைசியில் இரண்டு நாள் கொஞ்சம் வெதுவெதுப்பாக விட்டிருந்தால், ஈஸ்ட்டே அந்த வாசத்தைத் தின்று தீர்த்திருக்கும். வேகவைத்த சோளம் மாதிரி அடித்தால் மால்ட் சாற்றின் கொதி பலமாக இல்லை, அல்லது மூடிவைத்துக் கொதிக்கவிட்டிருக்கிறான். நனைந்த அட்டை வாசம் என்றால் காற்றுப் பட்டிருக்கிறது. வெள்ளைப் பாட்டிலோ பச்சைப் பாட்டிலோ வெயில் பட்டு நாறுவது வேறு கதை. ஹாப்ஸின் கசப்புச் சத்து வெளிச்சத்தில் சிதைவதால் வருவது அது, பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும்.

கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார். உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ போகவில்லை. சுத்தமான கிளாசில் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் தங்கும். அப்புறம் அந்தப் பனி பிடித்த கிளாஸ்! ஃப்ரீசரிலிருந்து எடுத்து நீட்டினால் தயவுசெய்து வாங்காதே. பனி உருகி பீரில் கலக்கும், நுரை பொங்கும், நாக்கு மரத்துப்போகும். ருசி தெரியக் கூடாது என்கிறவன்தான் அதைக் கேட்க வேண்டும். பாதிக் கிளாஸ் நுரையாகவே வந்தால் பைப் சூடாகியிருக்கிறது, இல்லையென்றால் ஊற்றுகிறவர் குழாயைப் பாதிதான் திறக்கிறார். கடை திறந்ததும் நுழைந்தாயானால் ராத்திரி முழுக்கப் பைப்பில் நின்ற பீரை முதலில் வடித்துவிடச் சொல். கூச்சப்படாதே. கூச்சம் உனக்கு எங்கே!

சின்னச் சின்னக் கிளாசாக நாலு வகை வாங்குவாய் என்று தெரியும். நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்தாதே. கருப்பு ஸ்டவுட் நாலு சதவீதத்தில் இருக்கலாம், பொன்னிறம் ஒன்பதில் இருக்கலாம். வீரியம் குறைந்ததிலிருந்து தொடங்கு, மிகக் கசப்பானதைக் கடைசிக்கு வை.

இதற்கு மேல் விளையாட்டில்லை. ஐந்து சதவீத பீர் அரை லிட்டரில் சுமார் இருபது கிராம் ஆல்கஹால். ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும், ஆக ஒரு கிளாசுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. நூற்றைம்பது மில்லி வீதம் ஏழு சதவீதத்தில் நாலு குட்டிக் கிளாஸ் என்றால் முப்பத்து மூன்று கிராம். ருசிதானே பார்த்தோம் என்று வண்டியை எடுக்கிறவன் ஒன்றரை அரை லிட்டர் கிளாசுக்கு மேலே குடித்தவன். காபியோ குளியலோ ஆல்கஹால் கரைவதைச் சீக்கிரப்படுத்தாது. ஊர் ஓரத்தில் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். அது எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிறகு முதல் கிளாசைச் சொல். சுந்தர் "நான் நிதானமாத்தான் இருக்கேன்" என்றானே, அந்த ராத்திரி போதும் நமக்கு.

இன்னொன்று, உன் கால் கட்டைவிரல். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவனுக்கு மற்ற மதுவைவிட பீர்தான் மோசம், ஏனென்றால் ஆல்கஹாலோடு, உடலில் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரினும் சேர்ந்து வருகிறது. ஆல்கஹால் இல்லாத பீரிலும் பியூரின் உண்டு, அதனால் அந்த வழியில் தப்பிக்கப் பார்க்காதே. வீக்கம் இருக்கிற வாரத்தில் போகவே போகாதே. மற்ற நாளில் எவ்வளவு என்று டாக்டரைக் கேள், என்னைக் கேட்காதே.

முதல் இடத்துக்குப் போனதும் "பைப் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஊற்றுகிறவர் முகத்தைப் பார். தேதி சொன்னாரா, உன்னை முறைத்தாரா என்று எழுது. இந்த முறை பதில் சீக்கிரம் வரும்.

உன்
ரகு

பி.கு: குடை இன்னும் சுந்தரிடம்தான் இருக்கிறது. அவன் என்ன சொன்னாலும் நம்பாதே.