இடிக்கக் கொடுக்கும் முன் ஒரு ஷரத்து: அடுக்குமாடிச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

சென்னையில் பழைய ஃபிளாட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகும் உரிமையாளர் சங்கத்தாருக்கு,

வணக்கம். கார்பெட் ஏரியா, கார் பார்க்கிங், மாத வாடகை, லிஃப்ட் கம்பெனி என எல்லாவற்றுக்கும் புரமோட்டரோடு மல்லுக்கட்டுகிறீர்கள். மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஆனால் இடிப்புக்கு மட்டும் ஒப்பந்தத்தில் ஒரே வரி இருக்கும்: பழைய கட்டடத்தை அகற்றுவதும் அதில் கிடைக்கும் பொருள்களும் புரமோட்டருடையவை. யாரும் அதைப் படிப்பதில்லை.

அந்த வரிக்குப் பின்னால் இடிப்பு காண்ட்ராக்டரின் கணக்கு இருக்கிறது. கம்பி, தேக்கு நிலை, ஜன்னல் கிரில், ஒயர் எல்லாம் நல்ல விலைக்குப் போகும். அதற்காகவே பெரும்பாலும் அவர்தான் பணம் கொடுத்து வேலையை எடுக்கிறார். மிச்சமிருக்கும் கான்கிரீட்டும் செங்கலும் பூச்சும் அவருக்கு வெறும் செலவு. டிப்பர் லாரி எவ்வளவு கிட்டத்தில் கொட்டுகிறதோ அவ்வளவு மிச்சம். அதனால்தான் காலி மனையிலும் ஏரிக்கரையிலும் ராத்திரியோடு ராத்திரியாகக் குவியல் முளைக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பிடித்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரமும் இதற்குத் தப்பவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்று மத்திய அரசு அறிவித்த புதிய கட்டடக் கழிவு விதிகளில், இவ்வளவு சதவீதம் மறுசுழற்சி செய்தே ஆகவேண்டும் என்ற இலக்கு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான். பன்னிரண்டு வீட்டு ஃபிளாட் அதன் பக்கத்தில்கூட வராது.

இடித்த கான்கிரீட்டைக் கொட்டாமல், உடைத்து ஜல்லியாக மறுபடி பயன்படுத்தலாம் என்று சொன்னால், "பழைய ஜல்லியைப் போட்டால் கட்டடம் நிற்குமா?" என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. தூணிலும் பீமிலும் போடச் சொல்லவில்லை. ஆனால் கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383, 2016லேயே இதற்கு அளவு சொல்லிவிட்டது: உடைத்த கான்கிரீட் ஜல்லியை எம்25 என்ற வலிமைத் தரம் வரையான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம், கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம், அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த கலவையில் முழுக்கவே சேர்க்கலாம். பழைய சிமென்ட் ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி தண்ணீரை அதிகம் குடிக்கும். முன்கூட்டியே நனைத்து, லேப் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். பேவர் பிளாக், நடைபாதை, தரைக்கு அடியில் நிரப்புவது என்று உங்கள் மனையிலேயே இதற்கு ஏகப்பட்ட வேலை உண்டு.

எல்லாம் கெட்டுப்போவது இடிக்கும் விதத்தில்தான். ஜேசிபியை விட்டு மொத்தமாகச் சாய்த்தால் டைல்ஸ், மரத்தூள், பிளாஸ்டிக், ஜிப்சம் பூச்சு எல்லாம் கான்கிரீட்டோடு கலந்துவிடும். அப்புறம் அது பள்ளம் நிரப்பத்தான் உதவும். முதலில் கதவு ஜன்னல், பிறகு டைல்ஸும் மொட்டைமாடித் தளமும், பிறகு செங்கல் சுவர், கடைசியில் கான்கிரீட் என்று மேலிருந்து கீழே பிரித்து இறக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல் தனியாகக் கழற்ற வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு என்றால் செங்கல் முழுசாகவே கிடைக்கும். சிமென்ட் வைத்துக் கட்டிய எண்பதுகளின் ஃபிளாட்டில் அந்த ஆசை வேண்டாம், உடைசல்தான். நாளும் கூலியும் கூடும், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எந்த வரிசையில் இடிப்பது, எவ்வளவு மனையிலேயே பயன்படும், மிச்சம் எங்கே போகும் என்பதெல்லாம் அதில் வரட்டும். பெருங்குடி, கொடுங்கையூரில் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் மாநகராட்சி நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டு கேளுங்கள். சீட்டு வராமல் அஸ்திவார வேலை தொடங்கக் கூடாது என்றும் சேருங்கள்.

இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் நடக்கும். பவர் பத்திரம் கொடுத்த பிறகு கேட்டால், "பார்க்கலாம் சார்" என்பார்கள்.

இப்படிக்கு,
கட்டட வேலையில் இருக்கும் ஒரு சென்னைவாசி