நிகர லாபத்தில் நூற்றுக்கு ஆறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரானில் இயங்கிவந்த ஆங்கிலேய வங்கியான இம்பீரியல் பேங்க் ஆஃப் பெர்ஷியாவுக்கும் அந்நாட்டு அரசுக்கும் இடையே ராயல்டி (பெற்ற உரிமைக்கு ஈடாக வங்கி அரசுக்குத் தர வேண்டிய லாபப் பங்கு) தொடர்பாக இருந்த பிணக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத பொருளை எடுத்துக்கொண்டதற்காகக் கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆயினும் பழி முழுவதையும் வங்கியின் பேராசைமீது சுமத்திவிட்டு, 1889-இல் எழுதிக்கொடுக்கப்பட்ட உரிமைப் பத்திரத்தின் வாசகத்தை அவர் ஒரே வரியில் கடந்துவிடுகிறார். வங்கித் தணிக்கையிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், பிணக்கின் வேர் அந்த வாசகத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பின்னணி சுருக்கமானது. ராய்ட்டர் செய்தி நிறுவனத்தைத் தோற்றுவித்த பாரன் ஜூலியஸ் டி ராய்ட்டருக்கு 1872-இல் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா ரயில் பாதை, சுரங்கம், காடு என்று நாட்டின் வளங்களில் பெரும்பகுதியையும் எழுதிக்கொடுத்தார். உள்நாட்டு எதிர்ப்பும் ரஷ்யாவின் அதிருப்தியும் சேர்ந்துகொள்ள, மறு ஆண்டே அதை ரத்து செய்தார். ராய்ட்டர் விடாமல் இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்ததன் முடிவாகத்தான் 1889 ஜனவரி 30 அன்று வங்கிக்கான உரிமை பிறந்தது. காலம் 60 ஆண்டுகள்.

அந்தப் பத்திரத்தின்படி, ஈரானில் காகிதப் பணம் வெளியிடும் தனியுரிமை வங்கிக்கு. வரிகளிலிருந்து விலக்கும் வங்கிக்கு. இதற்கு ஈடாக அரசுக்கு ஆண்டுதோறும் நிகர லாபத்தில் 6 விழுக்காடு, எப்படியும் 4,000 பவுனுக்கு (பிரிட்டிஷ் நாணயம்) குறையாமல், கிடைக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும். ஆண்டு லாபம் ஏறத்தாழ 66,700 பவுனைத் தாண்டினால்தான் 6 விழுக்காடு என்ற பேச்சுக்கே பொருள் உண்டு. அதற்குக் கீழே எவ்வளவு வந்தாலும் 4,000 பவுன்தான். நோட்டு வெளியிடும் உரிமையோ சாதாரணமான ஒன்றல்ல. வங்கி தன் நோட்டுகளுக்கு எதிராகக் கையிருப்பாக வைக்க வேண்டியது, முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மீதி இரண்டு பங்கு, மக்கள் வட்டியில்லாமல் வங்கிக்குக் கொடுத்த கடன் என்றுதான் சொல்ல வேண்டும். நோட்டுகளில் ஷாவின் உருவம் இருந்தது; 1896-இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரும் அதே உருவம்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. எந்த ஊர்க் கிளையில் மாற்றலாம் என்பதும் நோட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்ததால், தப்ரீஸ் நோட்டை டெஹ்ரானில் நீட்டினால் முழு மதிப்புக்கு ஈரானின் வெள்ளி நாணயமான கிரான் தர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. நாடு முழுவதற்கும் தனியுரிமை, பணம் தரும் பொறுப்பு மட்டும் ஊருக்கு ஊர் தனித்தனி!

தகராறுக்கு இடம் கொடுத்தது 'நிகர' என்ற அடைமொழி. தஞ்சைப் பகுதியில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, நிலத்தை விட்டவர், நெல் அளக்கும் நாளில் களத்தில் நிற்பார். நிற்க முடியாதவர் குத்தகைக்கு விட்டுவிட்டு இத்தனை மூட்டை என்று பேசி முடித்துக்கொள்வார். ஷாவின் அரசு செய்துகொண்டது வார ஏற்பாடு. ஆனால் களம் லண்டனில் இருந்தது. அரசின் சார்பில் ஓர் ஆணையரை நியமிக்க இடம் இருந்தும், நிர்வாகத்தில் தலையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. எந்தச் செலவைக் கழிப்பது, வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, எந்த லாபத்தை எந்த ஆண்டில் காட்டுவது என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் இயக்குநர்கள். ஐந்தொகையில் (சொத்து, கடன் நிலைக் கணக்கில்) காட்டாமல் உள் காப்புநிதி வைத்துக்கொள்வது அந்நாளில் பிரிட்டிஷ் வங்கிகளுக்குச் சட்டப்படி குற்றமும் அல்ல. லாபத்தை அங்கே ஒதுக்கிய பிறகு பங்கைக் கணக்கிடுவதா, ஒதுக்குவதற்கு முன்பா என்று கேட்டால், இரு தரப்பும் தங்களுக்கு ஏற்ற விடையைச் சொல்ல முடியும். ஆகவே யாரும் பொய்க்கணக்கு எழுதாமலேயே இப்படியொரு சண்டை மூளலாம் என்பதைத்தான் கட்டுரையாளர் கவனிக்கவில்லை.

வங்கியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூலதனம் பவுனில் திரட்டப்பட்டது, வியாபாரம் வெள்ளி கிரானில் நடந்தது. 1890-களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தபோது, தொடக்கத்தில் பவுனுக்கு 34 கிரான் அளவில் இருந்த மாற்றுவிகிதம் சில ஆண்டுகளிலேயே 50-ஐ ஒட்டிச் சென்றது. இந்த இழப்பைத் தாங்க முடியாமல் வங்கி தன் பங்கு மூலதனத்தையே 10 லட்சம் பவுனிலிருந்து 6.5 லட்சமாகக் குறைத்துக்கொண்டது. அந்தக் காலத்து நஷ்டம் ஜோடித்த நஷ்டம் அல்ல. அதே நேரத்தில், குறைந்தபட்சத் தொகை பவுனில் எழுதப்பட்டிருந்ததால், கிரான் கணக்கில் அரசுக்கு வரவு கூடவே செய்தது. பத்திரத்தை எழுதியவர்கள் அரசுக்குச் செய்த ஒரே நன்மை, தெரிந்தோ தெரியாமலோ, அதுதான்.

ஆனால் அந்த வரவு எந்த மூலைக்கு? 1890-இல் ஒரு பிரிட்டிஷ்காரருக்குப் புகையிலைத் தனியுரிமை கொடுக்கப்பட்டதும், மார்க்க அறிஞர் மிர்சா ஷிராசியின் பெயரால் தடை அறிவிக்கப்பட்டு நாடே புகைப்பதை நிறுத்தியதும், ஷா பணிந்ததும் பலர் அறிந்த கதை. ரத்துக்கான இழப்பீடு 5 லட்சம் பவுன். அதைக் கொடுக்க 1892-இல் இதே வங்கி வழியாக 6 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கப்பட்டு, பாரசீக வளைகுடாத் துறைமுகங்களின் சுங்க வருவாய் ஈடாக வைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டு வட்டி மட்டும் 30,000 பவுன் என்று ஆகிறது. வட்டி முழுவதும் வங்கியின் கைக்குப் போகவில்லை, கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கும் போயிற்று என்பது உண்மை. இருந்தாலும் அரசு ஒரு கையால் 30,000 கொடுத்து மறுகையால் 4,000 வாங்கியதை மறந்துவிட்டு, ராயல்டியை மட்டும் தனியே எடுத்து எடைபோட முடியாது.

எண்ணெய் வரலாறு இதற்கு அடுத்த அத்தியாயம். 1901-இல் டார்சி என்ற பிரிட்டிஷ் முதலீட்டாளருக்குக் கொடுத்த எண்ணெய் உரிமையிலும் அதே 'நிகர லாபம்', இந்த முறை 16 விழுக்காடு. துணை நிறுவனங்களின் லாபம் அதில் சேருமா என்ற தகராறில் 1920-இல் ஈரான் தரப்புக்காக மக்ளின்டாக் என்ற பிரிட்டிஷ் கணக்காயர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். அவர் கண்டவற்றின் அடிப்படையில் பேசி, பழைய பாக்கிக்காக 10 லட்சம் பவுன் பெறப்பட்டது. கணக்கைத் திறந்து பார்க்க ஆள் வைத்தால் பணம் வரும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா? பின்னர் 1930-இல் ஏறத்தாழ 12.9 லட்சம் பவுனாக இருந்த ராயல்டி 1931-இல் 3.07 லட்சமாக விழுந்ததும், 1932 நவம்பரில் அப்போதைய மன்னர் ரேசா ஷா அந்த உரிமையையே ரத்து செய்தார். வழக்கு சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வரை சென்றது. 1933-இல் எழுதப்பட்ட புதிய ஒப்பந்தத்தில் டன்னுக்கு 4 ஷில்லிங் என்று வந்தது. அதன் மற்ற ஷரத்துகள் ஈரானுக்குப் பாதகமாகவே இருந்தன. இருப்பினும் லாபக் கணக்கைப்போல் அன்றி, டன் கணக்கைத் துறைமுகத்தில் நின்று எண்ணிவிடலாம்.

வங்கி விஷயத்தில் இதற்கு ஈடான திருத்தம் வரவேயில்லை. 1928-இல் ஈரானின் சொந்த அரசு வங்கியான பேங்க் மெல்லி திறக்கப்பட்ட பின், நோட்டு உரிமை வெளிநாட்டார் கையில் இருப்பதை ரேசா ஷா அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. 1930 மே மாத ஒப்பந்தத்தின்படி, 60 ஆண்டில் 19 ஆண்டுகள் இன்னும் மிச்சமிருந்த அந்த உரிமையை அரசு 2 லட்சம் பவுன் கொடுத்துத் திரும்பப் பெற்றது. அதாவது குறைந்தபட்ச ராயல்டியை 50 ஆண்டுகளுக்குச் சேர்த்தால் வரும் தொகை. நல்ல ஆண்டுகளில் அரசுக்கு அதிகம் வந்திருக்கும் என்பதை ஒப்புக்கொண்டாலும், எழுதிக்கொடுத்ததை மீட்கக் கொடுத்த விலை இது என்பதைக் கட்டுரை சுட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். 1951-இல் எண்ணெய் நிறுவனத்தோடு வங்கியும் நாட்டுடைமை ஆக்கப்பட்டு வெளியேற்றப்பட்டதாகக் கட்டுரை கூறுகிறது. நாட்டுடைமை ஆனது எண்ணெய் மட்டுமே. வங்கியின் உரிமைக்காலம் 1949 ஜனவரியில் தானாக முடிவடைந்தது. பெயரை மாற்றிக்கொண்டு மேலும் சில ஆண்டுகள் இயங்கிய வங்கி, 1952-இல்தான் ஈரானில் கடையைக் கட்டியது. 1959-இல் அதை வாங்கியது ஹாங்காங் ஷாங்காய் வங்கி. இந்தத் திருத்தத்தையேனும் அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கித் தணிக்கையாளர் ஒருவர்,
கும்பகோணம்