அலமாரிக்குள் வைத்த பொம்மை

கோதன்பர்க், சுவீடன்,
2 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? வாரத்துக்கு மூன்று முறை முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பொய் சொல்லிவிட்டேன். அடுத்த முறை பேசும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அன்றைக்குப் பக்கத்தில் சித்தி இருந்தார், எனக்கு வாய் வரவில்லை. நீ தனியாக உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் சின்னவன் கட்டிலில் ஒரு பொம்மை கிடந்ததைப் பார்த்து, யாருடையது என்று கேட்டாய். அக்காவுடையது என்றேன். இல்லை அம்மா, அது அவனுடையது. அவனே, அவன் காசில் வாங்கியது.

இங்கே பிள்ளைகளுக்கு வாரா வாரம் கைச்செலவுக்குக் காசு கொடுப்பது வழக்கம். அவனுக்கு 20 குரோனர் கொடுக்கிறோம். இந்த ஊரில் எல்லோரும் போனிலேயே பணம் அனுப்பிவிடுவதால் நோட்டைக் கண்ணில் பார்ப்பதே அரிது. ஆனாலும் காசு கையில் இருந்தால்தான் அதன் அருமை தெரியும் என்று நான் நோட்டாகவே தருகிறேன். மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான் என்பது இங்கே பல வீடுகளில் உள்ள பழக்கம். கடையில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். வேண்டியதை அள்ளிப் பையில் போட்டு எடைக்கு வாங்கலாம். சின்னவன் ஆறு சனிக்கிழமை அந்தக் கடைக்குள் நுழையவே இல்லை. வயிற்றுக்குச் சரியில்லையோ என்று உன் மருமகள்கூடப் பயந்தாள்.

மே மாதம் மயூர்ணா என்ற பகுதியில் தெருத் தெருவாக வீட்டு வாசலில் பழைய பொருள்களைப் பரப்பி விற்பார்கள். அங்கே ஒரு பாட்டியிடம் ஆறு நோட்டுகளையும் எண்ணிக் கொடுத்து, துணி உடம்புக் குழந்தைப் பொம்மை ஒன்றும் அதைத் தள்ளிக்கொண்டு போகச் சின்ன வண்டி ஒன்றும் வாங்கினான். நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். நான் முதலில் பணத்தைப் பற்றித்தான் கேட்டேன். "பழைய பொம்மைக்கு இவ்வளவா? அந்தப் பக்கம் சைக்கிள் விளக்கு இருக்கிறதே, அதை வாங்கேன்" என்றேன். எனக்கு உறுத்தியது பணம் இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. "விளக்கு வேண்டாம் அப்பா" என்று மட்டும் சொன்னான்.

இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். டிவியைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பான் என்பாய். சுவீடன் தொலைக்காட்சியில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. பள்ளிக்கூடம்தான் காரணம் என்றும் தோன்றும். பள்ளியில் கைவேலைப் பாடம் ஒன்று உண்டு. ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஊசி நூலும் பிடிக்க வேண்டும், மரமும் அறுக்க வேண்டும். அதைத் தாண்டிப் பொம்மை வாங்கு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லப்போனால் இங்கேயும் எல்லாம் தானாக வந்துவிடவில்லை. டாப்-டாய் என்ற பொம்மை நிறுவனம் பையன்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து விளம்பரப் புத்தகம் போட்டதற்குக் கண்டனம் வாங்கியது. 2012-இல் பையன் பொம்மையை வைத்திருப்பது போலவும், பெண் விளையாட்டுத் துப்பாக்கி பிடித்திருப்பது போலவும் படங்களை மாற்றிப் போட்டது. உலகமே அதைப் பற்றிப் பேசியது என்றால் அது எத்தனை புதிய விஷயமாக இருந்திருக்க வேண்டும், பார். இவன் வகுப்பிலும் ஒருவன் கேலி செய்திருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கும் பயம் இருந்தது அம்மா. இப்போதும் இருக்கிறது. இவனை யாராவது புண்படுத்திவிடுவார்களோ என்று ஒரு பயம். ஊருக்கு வந்தால் நாலு பேர் நடுவில் மாமா என்ன சொல்வாரோ, எல்லோரும் சிரிக்கும்போது இவன் முகம் எப்படிப் போகுமோ என்று இன்னொரு பயம். ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது.

பெரியவள் போன வருஷம் தன் சேமிப்பில் கோல்கீப்பர் கையுறை வாங்கினாள். அந்தப் படத்தை நானே குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன். நீயும் "ஆம்பளப் பிள்ளை மாதிரி வளர்கிறாள்" என்று சந்தோஷப்பட்டாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவள் காசு, அவள் விருப்பம் என்று அன்றைக்கு மறு பேச்சில்லாமல் விட்ட நான், தம்பி வாங்கியதை மட்டும் அவள் பேரில் எழுதிவிட்டேன். அவளே என்னிடம் வந்து, "என் பெயரை ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உன்னிடம் மறைத்தது இது முதல் தடவையும் இல்லை. சின்னவன் 2016-இல் பிறந்தான். இந்த நாட்டில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் விடுப்பு. அதில் தகப்பனுக்கென்றே 90 நாள். அவன் எடுக்காவிட்டால் அந்த நாள்கள் வீணாகிவிடும், தாய்க்கு மாற்றித் தர முடியாது. சின்னவனுக்குப் பத்து மாதம் ஆனபோது உன் மருமகள் வேலைக்குத் திரும்பினாள், நான் ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். அப்பாவிடமும் உன்னிடமும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறான் என்று அப்பா வருந்துவாரே என்று நினைத்தேன். அவர் போய்ச் சேரும்வரை அவருக்கு அது தெரியாது.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஐந்து மாதம் கிடையாது அம்மா. காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு, வண்டியில் வைத்து டிராமில் ஏற்றிக்கொண்டு போவேன். டிராமில் என்னைப் போலவே இரண்டு மூன்று தகப்பன்கள் இருப்பார்கள். பூங்காவில் குளிரில் நடந்துகொண்டே தூங்கவைப்பேன். அவன் முதல் அடி வைத்ததை நான்தான் பார்த்தேன். அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பாரா, பொறாமைப்பட்டிருப்பாரா என்று இப்போது யோசிக்கிறேன். என்னைத் தோளில் தூக்கியதாக அவருக்கு நினைவு இருந்ததில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை எழுதவைத்தது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே எழுந்து போய்ப் பொம்மையை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். வண்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு என் காதருகே வந்து, "அப்பத்தா போனை வைத்த பிறகு எடுக்கலாமா?" என்று கேட்டான். அன்று நீ அவனிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டாய், அவன் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான், நினைவிருக்கிறதா? நான் அறையை விட்டு எழுந்து போனது அதனால்தான்.

அவனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று இரவு அவனிடம் கேட்டேன். 2023 கோடையில் ஊருக்கு வந்தோமே, அப்போது தங்கையின் குழந்தைக்கு நீ சுங்குடிச் சேலையில் தூளி கட்டியிருந்தாய். மத்தியானம் முழுவதும் அவன்தான் கயிற்றைப் பிடித்து ஆட்டினான். "என் பேரன் ஆட்டினால்தான் பிள்ளை கண் மூடுகிறது" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அதை அவன் மறக்கவே இல்லை. இங்கே மாடிக் கட்டிலின் கம்பியில் தன் அம்மாவின் துப்பட்டாவைக் கட்டி, பொம்மையைப் போட்டு ஆட்டப் பார்க்கிறான். முடிச்சு நிற்காமல் பொம்மை கீழே விழுந்துவிடுகிறது. என்னைக் கேட்டான், எனக்கும் தெரியவில்லை. "அப்பத்தாவுக்குத் தெரியும்" என்கிறான்.

ஜூலை முதல் வாரம் வருகிறோம், டிக்கெட் எடுத்துவிட்டேன். வண்டியைக் கொண்டுவர முடியாது, பொம்மை அவன் பையில் வரும். அதை அலமாரிக்குள் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமாவும் மற்றவர்களும் ஏதாவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். உனக்கே மனது ஒப்பவில்லை என்றால் என்னைத் திட்டு, போனில் திட்டினாலும் சரி. அவனிடம் மட்டும் முகம் சுளிக்காதே.

ஒப்பும் என்றால் அந்தச் சுங்குடிச் சேலையைத் துவைத்து எடுத்துவை அம்மா. கயிறும் பழையது வேண்டும் என்கிறான், அது உரலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குமாம்.

அன்புடன்,
உன் மகன்